நானூறு மூட்டை

ஷாத்லி தன் சொந்தக் கிடங்கில், தன் சொந்த அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த கதை ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பாதாம் சந்தைக்கு ஒரு வாரத்துக்குச் சிரிப்பு கொடுத்தது. அவரை யாரும் பூட்டவில்லை. அறைக்கு மேலே இருந்த இரும்புப் பரண் ரெண்டு விரல்கடை இறங்கி, கதவு நிலையின் தலையில் உட்கார்ந்துவிட்டது. பத்து மணிக் காப்பிக்கு வெளியே போகலாமென்று எழுந்தவர் கதவை இழுத்தார், தள்ளினார், தோள் கொடுத்து இடித்தார். கதவு அசைந்துகொடுக்கவில்லை.

"ஏ வஸீலா! யாருடி கதவப் பூட்டுனது?"

வஸீலா அவருடைய தங்கை. கிடங்கு வாசலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, சாக்கு மூட்டைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக அவள் கையில் அந்த வளைந்த ஊசிதான். பல்லால் சணலைக் கடித்து அறுத்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"யாரும் பூட்டலண்ணே. உள்ளாற இழுங்க."

"இழுத்தாச்சு."

"அப்ப தள்ளுங்க."

"தள்ளாம உள்ள உக்காந்து தொழுதுகிட்டா இருக்கேன்? ஆள வரச்சொல்லுடி, மூச்சு முட்டுது!"

சுமைதூக்கும் ஜீலானியும் இன்னும் மூணு பேரும் வந்து முட்டிப்பார்த்தார்கள். ஜன்னலோ கம்பி போட்டது. ஆகஸ்டு மாதத்து வெக்கை, பாலைவனத்துக் காற்று நாலு நாளாக ஊரை வாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே முதலாளி கத்தும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவும், பயந்துபோன கணக்குப்பிள்ளை தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டான். அது போடக்கூடாத போன் என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் விளங்கியது.

வந்தவர் அதிகாரி புராவி. ஒல்லி உடம்பு, வார்த்தையும் ஒல்லி. அவருடைய ஆட்கள் கடப்பாரையால் கதவைப் பிளந்தார்கள். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்த ஷாத்லி, "அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்று கையை நீட்டினார். புராவி அந்தக் கையைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பரணைப் பார்த்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. மெதுவா. யாரும் ஓடக்கூடாது."

எல்லோரும் தெருவுக்கு வந்த பிறகு கேள்வி ஆரம்பித்தது.

"யாரு கட்டுனது?"

"என் தங்கச்சி புருஷன்."

"சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ தாங்கும்னு பலகை இருக்கணுமே. எங்க?"

ஷாத்லி வாசலில் நின்றபடியே உத்தரத்தைக் காட்டினார். அதில் சிவப்புப் பெயின்டில் பெரிசாக எழுதியிருந்தது: 400 மூட்டை.

"நான் கிலோ கேட்டேன்."

"இங்க மூட்டைதான் ஐயா. எங்க பாட்டன் காலத்துலேருந்து மூட்டைதான். நானூறுன்னு போட்டிருக்கு, நானூறுதான் ஏத்தினேன். ஒண்ணுகூட அதிகமில்ல, வேணும்னா எண்ணிப் பாருங்க."

புராவி எண்ணவில்லை. உத்தரமும் தூணும் சேருகிற மூலையில் பெயின்ட் வெடித்து நின்றதைச் சுட்டிக்காட்டினார். விளிம்பில் பொருள் உருளாமல் தடுக்கும் பட்டை இல்லை, மூட்டை ஏற்றும் திறப்புக்குக் கதவு இல்லை, இறங்க ஒரே ஏணிப்படிதான், அதுவும் போதாது என்று ஒவ்வொன்றாக எழுதினார். பிறகு கிடங்கு வாசல் கதவில் சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போனார். மேலே இருப்பதை ஒவ்வொன்றாக இறக்கலாம், ஒன்றையும் ஏற்றக்கூடாது. பரண் உறுதியானது என்று பொறியாளர் நிரூபிக்கவேண்டும், இல்லாவிட்டால் பிரித்துப்போடவேண்டும்.

அன்று சாயங்காலமே ஷாத்லி காப்பிக்கடையில் உட்கார்ந்து, சந்தை மொத்தமும் கேட்கும்படி சொன்னார்: "என் மாப்ள கட்டுனது பரணில்லய்யா, தொட்டில். ஆட்டிவிட்டா நல்லா தூக்கம் வரும்."

அந்த ஒற்றைச் சொல் மறுநாள் பொழுது விடிவதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. வஸீலாவின் புருஷன் மொன்ஜி இரும்புப் பட்டறைக்காரன். இந்த ஊர்க் கிடங்குகளில் பதினோரு பரண் அவன் கட்டியது. பன்னிரண்டாவதுக்கு இரும்பு வாங்கி வைத்திருந்தான். செருப்புக் கிடங்குக்காரர் ஆள் அனுப்பி, "இப்போதைக்கு வேண்டாம்" என்றார். அத்தி வியாபாரி ஆளும் அனுப்பவில்லை, தெருவில் கண்டதும் எதிர்ப்பக்கம் கடந்தார். பட்டறைக் கதவில் எவனோ கரித்துண்டால் ஒரு தொட்டில் படம் வரைந்துவிட்டுப் போயிருந்தான். நன்றாகவே வரைந்திருந்தான், அதுதான் எரிச்சல்.

மொன்ஜி பட்டறைக்குப் போவதை நிறுத்தினான். வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தான். வஸீலா வாற்கோதுமை ரவையில் குஸ்குஸ் அவித்து, காய்ந்த கணவாய் மீனைத் தக்காளியோடும் மிளகாய் விழுதோடும் வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அவனுக்கு அது உயிர். அன்று ரெண்டு கரண்டி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"வெல்டிங்ல குத்தம் இருக்கா?" நேராகவே கேட்டாள்.

"ஒவ்வொரு இணைப்பையும் சுத்தியால தட்டிப் பாத்துதான் பெயின்ட் அடிச்சேன்."

"வரைபடம்?"

"இன்ஜினியர் ரீம் அம்மா போட்டுக் கையெழுத்து வச்சது. அந்தத் தகர டப்பாவுல இருக்கு. சதுர மீட்டருக்கு முந்நூறு கிலோன்னு எழுதியிருக்கு."

"அப்ப அத எடுத்துட்டுப் போயி அந்த ஆபீசர் மூஞ்சிக்கு நேரா நீட்ட வேண்டியதுதான? இப்படிச் சுவத்துகிட்ட முறையிட்டா அது பதில் சொல்லுமா?"

"இறங்கியிருக்குல்ல வஸீலா. நான் கட்டுனது இறங்கியிருக்கு. காகிதத்த வச்சு என்ன பண்றது?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. அழாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் மேல் வந்த கோபத்தைப் பாத்திரத்தின் மேல் காட்டினாள், அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

மூட்டை இறக்கும் வேலை மூணு நாள் நடந்தது. மூணாவது நாள் மதியம், ஜீலானியும் மற்றவர்களும் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து ரொட்டியை மிளகாய் விழுதில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வஸீலா தைத்து முடித்த மூட்டை ஒன்றை முழங்காலால் நெம்பி ஓரமாகச் சாய்க்கப் பார்த்தாள். அது நகரவில்லை. போன வருஷம்வரை இதே முழங்காலால் நெம்பியவள்தான்.

"வயசாயிடுச்சு எனக்கு" என்று முனகினாள்.

ஜீலானி மெல்லுவதை நிறுத்தினான். "உனக்குமா?"

"ஏன், உனக்கென்ன?"

"யார்கிட்டயும் சொல்லாத அக்கா. இந்த வருஷம் பத்தாவது படியில எனக்குத் தொடை நடுங்குது. நாப்பத்திமூணு வயசுதான் ஆகுது. வீட்டுல கூடச் சொல்லல."

பக்கத்தில் இருந்தவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "எனக்கும்தான். நான் ஏதோ சர்க்கரை வியாதின்னு நெனச்சு ரத்தம் குடுத்துட்டு வந்தேன்."

"எனக்கு இடுப்பு" என்றான் மூணாமவன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூட்டை கனக்கிறது என்று சொல்ல எந்தச் சுமைதூக்கிக்கு வாய் வரும்? அவனவன் தனக்குத்தான் கிழடு தட்டிவிட்டதென்று நினைத்து, அதை மறைக்க மற்றவனைவிட வேகமாகப் படியேறியிருக்கிறான். இத்தனைக்கும் அந்த வருஷம்தான் கிடங்குக்குப் பாதாம் உடைக்கும் மெஷின் வந்திருந்தது. அதுவரை ஓட்டோடு மேலே ஏறிய பாதாம், இப்போது ஓடு நீக்கி வெறும் பருப்பாக ஏறியது. சாக்கு அதே சாக்கு. எண்ணிக்கையும் அதே எண்ணிக்கை.

வஸீலா மூட்டையின் வாயைப் பார்த்தாள். அங்கே அவளே தைத்த சீட்டு தொங்கியது. 80 கிலோ. தினமும் நாற்பது ஐம்பது சீட்டு தைக்கிறாள். ஓட்டோடு இருந்த காலத்துச் சீட்டும் அவள் தைத்ததுதான். அதில் ஐம்பது என்று இருக்கும்.

"அட பாவி" என்றாள், தன்னைத்தானே. "என் கையாலயே தச்சிருக்கேனே!"

விற்கும்போது கிலோ, ஏற்றும்போது மூட்டை. தராசிலிருந்து படிக்கட்டுக்குப் பத்தடி தூரம். அந்தப் பத்தடிக்குள் கிலோவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு, முக்காடு சரிந்தது தெரியாமல் வீட்டுக்கு நடந்தாள்.

மொன்ஜி கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தான். விரலால் தரையில் கணக்குப் போட்டான். எழுபத்திரண்டு சதுர மீட்டர். நானூறு மூட்டை, எண்பது கிலோ. முப்பத்திரண்டாயிரம் கிலோ.

"அளவுக்கு மேல பாதி" என்றான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது, உடனே அணைந்தது. "ஆனா மூட்டைன்னு எழுதினது நான்தான வஸீலா. சட்டம் கிலோன்னு எழுதச் சொல்லுது. சுமைதூக்குறவனுக்குப் புரியணும்னு நானே வகுத்து, நானே எழுதினேன். மெஷின் வரும்னு எனக்குத் தோணல."

"அது உங்க தப்பு. ஒத்துக்குங்க. ஆனா தொட்டில் உங்க தப்பில்ல. எந்திரிங்க, சட்டையப் போடுங்க."

பொறியாளர் ரீம் மறுநாள் தலைக்கவசத்தோடு வந்தார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. வெடித்த பெயின்டைச் சுரண்டி எடுத்து, பற்றவைத்த இடத்தில் சிவப்புச் சாயம் தெளித்தார். துடைத்தார். மேலே வெள்ளை மாவுபோல ஒன்றைத் தெளித்துவிட்டு, "விரிசல் இருந்தா சிவப்புக் கோடு தானா வெளிய வரும். பத்து நிமிஷம் பொறுங்க" என்றார். அந்தப் பத்து நிமிஷமும் வஸீலா கண் சிமிட்டியதாகத் தெரியவில்லை. மாவு வெள்ளையாகவே இருந்தது. எட்டு மூலையிலும் வெள்ளையாகவே இருந்தது.

"வெடிச்சது பெயின்ட் மட்டும்தான். இத்தன பாரத்துல உத்தரம் வளைஞ்சது, பாரம் எறங்கினதும் நிமிந்திருக்கு. இதே பாரத்தக் குடுத்தா வேற எவன் கட்டுனதா இருந்தாலும் உங்க முதலாளி தல மேல வந்திருக்கும்" என்றார் ரீம். "ஆனா என் வாய்வார்த்தைய அந்த ஆபீசர் ஏத்துக்க மாட்டார். பாரம் ஏத்திக் காட்டணும். அளவுக்கு மேல கால் பங்கு, ஒரு நாள் முழுக்க."

அதற்குக் கிடங்குக்காரர் சம்மதிக்கவேண்டுமே. ஷாத்லி காப்பிக்கடையில் இருந்தார். பெண்கள் நுழையாத கடை. வஸீலா நுழைந்தாள்.

"அண்ணே, சோதனை பண்ணணும். சம்மதம் சொல்லுங்க."

"சோதனையாவது ஒண்ணாவது! பிரிச்சு எடுத்துட்டுப் போகச் சொல்லு உன் புருஷன. கல்யாணத்துக்கெல்லாம் பாதாம் கேட்டு ஆள் வந்து நிக்குது, நான் சரக்க நடைபாதையில போட்டு வச்சிருக்கேன்."

"ஒரு மூட்டை எத்தன கிலோ?"

"எண்பது."

"போன வருஷம்?"

"ஐம்பது. அதுக்கும் இதுக்கும் என்னடி?"

"ரெண்டையும் நீங்கதான சொன்னீங்க? உங்க வாய் சொன்னது உங்க காதுல விழலையா?"

யாரோ கரண்டியைக் கிளாசில் வைக்கும் சத்தம் கேட்டது. ஷாத்லிக்குக் காது சிவந்தது. தப்பு என்று புரிந்துவிட்டால் குரலை உயர்த்துவது அவர் வழக்கம்.

"மூட்டைன்னா மூட்டைதான்! மூட்டைக்கு முப்பது கிலோ கூடினதுல இரும்பு வளையும்னா அது இரும்பா? ஏத்திப் பாருங்க, போங்க! அந்தத் தொட்டில் நின்னுச்சுன்னா முதல் மூட்டைய நானே என் முதுகுல தூக்கிட்டுப் போயி மேல வைக்கிறேன்."

"எல்லாரும் கேட்டீங்களா?" என்று வஸீலா திரும்பினாள்.

"கேட்டோம்" என்றது கடை, ஒரே குரலில்.

அடுத்த பத்து நாள் மொன்ஜியின் பட்டறையில் மறுபடி நெருப்பு பறந்தது. விளிம்புக்குத் தடுப்புப் பட்டை, திறப்புக்கு இரும்புக் கதவு, பின்பக்கம் ரெண்டாவது படிக்கட்டு, பழையதுக்கும் புதுசுக்கும் கைப்பிடி. புராவியின் பட்டியலில் இருந்ததை ஒவ்வொன்றாகச் செய்து முடித்தான். கரித் தொட்டிலை மட்டும் அழிக்கவில்லை. "இருக்கட்டும்" என்றான்.

சோதனைக்குப் பாரம் தண்ணீர்தான். இறங்கியது நடுப்பகுதி, இருபத்துநாலு சதுர மீட்டர். அதற்கு ஒன்பதாயிரம் கிலோ, நாற்பத்தைந்து பீப்பாய். ஆலிவ் ஊறப்போடும் நீலப் பீப்பாய்கள் எந்தக் கிடங்கிலும் உண்டு. சீசன் இன்னும் வராததால் காலியாகக் கிடந்தன. தொட்டில் தொட்டில் என்று சிரித்தவர்களே உருட்டிக்கொண்டு வந்தார்கள். வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை? செருப்புக் கிடங்குக்காரர் ஆறு பீப்பாய் கொடுத்தார். அத்தி வியாபாரி தண்ணீர்க் குழாய் கொடுத்தார், மொன்ஜியின் முகத்தைப் பார்க்காமல்.

உத்தரத்துக்குக் கீழே ரீம் முள் வைத்த ஒரு அளவுகருவியை நிறுத்தினார். "முப்பது மில்லிமீட்டர் வரைக்கும் இறங்கலாம். அதத் தாண்டினா நிறுத்திருவோம். பரணுக்குக் கீழ ஒரு பூனை கூட இருக்கக்கூடாது." புராவி கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

குழாய் திறந்தது. முதல் பத்துப் பீப்பாய்க்கு முள் ஐந்தில் நின்றது. இருபதுக்கு ஒன்பது. இரும்பு ஒரு தடவை முனகியது, கூட்டம் பின்னால் ஒதுங்கியது. மொன்ஜி நின்ற இடத்திலேயே நின்றான். வஸீலா அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள், ஊரே பார்க்கிறதென்ற நினைப்பில்லாமல். முப்பதுக்குப் பதினாலு. நாற்பத்தைந்தாவது பீப்பாயில் தண்ணீர் விளிம்பைத் தொட்டபோது முள் இருபத்தொன்றில் நின்றது. இருபத்தொன்றுதான்.

"நாளைக்கு இதே நேரம் வரைக்கும் இருக்கணும்" என்றார் புராவி. அவருக்குத் தாளில் இருப்பதுதான் வேதம்.

மறுநாள் அதே நேரம். முள் இருபத்தொன்றரை. தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தெருவெல்லாம் ஓடியது. இரும்பு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. இருபது, பத்து, ஐந்து. கடைசிப் பீப்பாய் காலியானதும் முள் ஒன்றுக்கு வந்து நின்றது.

ரீம் சிரித்தார். "உண்மையச் சொன்னா இது சின்ன சோதனைதான். இதவிடப் பெருசா ஒண்ண, எண்பது கிலோ மூட்டைய ஏத்தி, நீங்க யார்கிட்டயும் கேக்காம நடத்திட்டீங்க."

புராவி சிவப்புத் தாளைச் சுருட்டிப் பையில் வைத்தார். "பலகை மாட்டுங்க. கிலோவுல." பிறகு மொன்ஜியின் பக்கம் திரும்பி, "நல்ல வெல்டிங்" என்றார். அவர் வாயிலிருந்து இலவசமாக வந்த வார்த்தை அது ஒன்றுதான் என்று அப்புறம் சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

பலகையை மொன்ஜியே ஆணி அடித்தான். ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ. கட்டியவர் மொன்ஜி என்று கீழே சின்னதாக இருந்தது. பழைய நானூறு மூட்டையைத் தூரிகையால் அழித்தான், அதையும் ஊர் பார்க்கத்தான் அழித்தான். கூட்டம் கைதட்டியது. செருப்புக் கிடங்குக்காரர் அங்கேயே பன்னிரண்டாவது பரணுக்கு நாள் கேட்டார்.

கூட்டம் கலையவில்லை. எல்லோரும் ஷாத்லியைப் பார்த்தார்கள்.

"என்ன?" என்றார் அவர்.

"முதல் மூட்டை, முதலாளி" என்றான் ஜீலானி, பணிவாக.

ஷாத்லி சட்டைக் கையை மடித்தார். சொன்ன சொல்லிலிருந்து நழுவுகிற ஆள் இல்லை அவர், அதையும் சொல்லிவிடவேண்டும். குனிந்து முதுகைக் காட்டினார். ரெண்டு பேர் தூக்கி வைத்தார்கள். மூட்டை முதுகில் உட்கார்ந்ததும் அவர் கண் ஒரு கணம் பிதுங்கியது. ஜீலானி பின்னாலேயே கையை ஏந்தியபடி வந்தான்.

மூணு படி வீறாப்பாக ஏறினார். ஐந்தாவதில் வேகம் குறைந்தது. எட்டாவதில் நின்றார்.

"ஏய்... என்னடா போட்டு வச்சிருக்கீங்க உள்ள? கல்லா?"

"பாதாம் பருப்பு முதலாளி. உங்க சரக்குதான்."

"ஒட்டகத்தக் கட்டி வச்ச மாதிரில்ல இருக்கு!"

"பாத்து ஏறுங்க. மேல தொட்டில் காத்துகிட்டிருக்கு, போய்ப் படுத்துக்கலாம்."

கீழே தெரு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பத்தாவது படியில் அவர் தொடை நடுங்குவது வாசல்வரை தெரிந்தது. ஜீலானி சிரிக்கவில்லை. அந்தப் படியை அவனுக்குத் தெரியும். சத்தமில்லாமல் தோளைக் கீழே கொடுத்துப் பாதிப் பாரத்தை வாங்கிக்கொண்டான். மேலே போய் மூட்டையைப் போட்டுவிட்டு ஷாத்லி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். காலால் தரையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பரண் அசையவில்லை. அவருக்குத்தான் உடம்பெல்லாம் ஆடியது.

மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது. ஜீலானியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவடா ஏறுற?"

"அறுபது, எழுபது."

"இத்தன நாளா ஏன்டா வாயத் தொறக்கல?"

"எனக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சேன் முதலாளி."

ஷாத்லி எழுந்து வந்து புதுக் கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். கூட்டம் சிரிப்பை அடக்கியது.

"மாப்ள!" என்று கத்தினார். "நான் சொன்னது தப்பு. நல்லாத்தான் கட்டியிருக்க. எல்லாரும் கேட்டுக்குங்க, இவன் இரும்பு சரியா இருக்கு, என் மூட்டைதான் சரியில்ல. கணக்குப்பிள்ள, எழுதிக்க! நாளைலேருந்து இந்தக் கிடங்குல மூட்டை நாப்பது கிலோ. ஒரு கிலோ கூடக் கூடாது!"

சுமைதூக்குகிறவர்கள் ஜீலானியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மொன்ஜிக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை, ரெண்டையும் செய்தான். பெண்கள் குலவையிட்டார்கள்.

வஸீலா மட்டும் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றாள். எண்பதை நாற்பதாக்கினால் மூட்டை ரெண்டு மடங்கு. தைக்கவேண்டிய வாயும் ரெண்டு மடங்கு.

"நல்லா இருக்குண்ணே!" என்று கத்தினாள். "அத்தனையும் தைக்கிறது யாரு, உங்க பொண்டாட்டியா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முக்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, சாக்கில் குத்தி வைத்திருந்த வளைந்த ஊசியை எடுத்து, சிரித்துக்கொண்டே சணலைக் கோத்தாள்.